சாம்பிளார் கட்டிய பிளேன் ஷெட்டு

அன்று எங்கள் காம்பவுண்டில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி ஸ்டெல்லா. எதிர் போர்ஷனில் குடியிருந்த ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். கடைசி போர்ஷன் நர்ஸ் குளோரி அக்கா. வாடகை கேட்க வந்த வீட்டுக்கார பாய். அப்புறம் சாம்பிளார். அவ்வளவுதான். வேறு ஓர் ஆளோ, ஒரு குழந்தையோ, ஒரு பூனையோ கிடையாது. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்று யார் யார் இருந்தோம் என்பதில்தான் பின்னால் என் தூக்கம் போனது.

சாம்பிளாரைப் போல ஒரு மனிதர் ஆம்பூரில் மட்டுமல்ல, சென்னையிலிருந்து பெங்களூர் வரை ரயில் நிற்கிற எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஷூ கம்பெனிக்காரர்கள் ஜெர்மனிக்குச் சாம்பிள் அனுப்புவார்கள், இத்தாலிக்கு அனுப்புவார்கள். ஆகாயத்துக்கே சாம்பிள் அனுப்பியவர் அவர் ஒருவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த ஷூ கம்பெனியிலும் ஆர்டர் சும்மா வந்துவிடாது. முதலில் ஒரு ஷூ தைத்து அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்காரன் அதைத் திருப்பிப் பார்ப்பான், வளைத்துப் பார்ப்பான், மோந்துகூடப் பார்ப்பான். பிடித்தால் ஆயிரக்கணக்கில் ஆர்டர். பிடிக்காவிட்டால் தையலைப் பிரித்து மாற்றித் தைக்க வேண்டும். அதற்கு ரிவர்க் என்று பெயர். இந்த வேலைக்கென்றே கம்பெனியில் தனி அறை உண்டு. அந்த அறையில் வெகுகாலம் உட்கார்ந்திருந்ததால் அவர் சாம்பிளார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அந்தக் கார்டை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கேட்டால், "எனக்கு சாம்பிள் ஓ.கே. ஆவலப்பா" என்பார்.

நான் அதே கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பரீட்சை நடுவில் பேனா லீக் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி. ஆனால் அந்த வருஷம் எனக்கு நியாயமான கவலை ஒன்று இருந்தது. ஸ்டெல்லாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதாக இப்போது நின்றிருந்தது. டாக்டரம்மா "நடக்கலாம், சமைக்கலாம், ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லியிருந்தார். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் ஆரம்பிக்கும்.

சாம்பிளாருக்கு விமானப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். வேலூருக்குப் பக்கத்தில், அப்துல்லாபுரத்தில், பழைய காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. விமானம் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறி அங்கே போய், சும்மா நின்று பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். நீளமாகச் சிமெண்டுத் தரை. ஓரமாக ஆடுகள். காற்றடிக்கும் திசை காட்டத் துணிப் பை கட்டும் கம்பம் இருந்தது, பை இல்லை. ஆனால் அந்தக் கம்பத்தின் இரும்பு வளையம் மட்டும் காற்றே இல்லாத நேரத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேய்ந்த ஆடுகளெல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி ஓடுதளத்தின் கோடியைப் பார்த்தன. நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"போலாங்ண்ணா" என்றேன்.

"இருப்பா. இவ்ளோ பெரிய ரோடு போட்டு வெச்சிக்கிறாங்க. ஏன் ஒரு வண்டியும் வர மாட்டேங்குது, சொல்லு?"

"எனக்கு இன்னா தெரியும்ண்ணா?"

"நிறுத்த எடம் இல்ல. நிக்க எடம் இல்லாத ஊருக்கு எவன் வருவான்? ஷெட்டு வேணும்."

"அதுக்கு கவர்மெண்டு கட்டணும்."

"கவர்மெண்டு எப்படிக் கட்டும்? யாரு சாம்பிள் காட்டினாங்க?"

இது கிண்டல் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கை முழுக்கச் சாம்பிள் காட்டினால் ஆர்டர் வரும் என்று பார்த்தவர். வானத்துக்கும் அதே சட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் போர்ஷனில் கிணு கிணு என்று சத்தம். ஷூவின் நடுப்பாகம் வளையாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைப்போம், லேசாக வில் மாதிரி இருக்கும். தேறாது என்று கம்பெனி தூக்கி எறிந்த பட்டைகளைப் பொறுக்கி வந்து, வரிசையாக வைத்துக் கூரைக்கு விட்டம் கட்டினார். ஷூவுக்குள் அடியில் போடும் அட்டையில் சுவர். கயிறு கோர்க்கும் பித்தளை வளையங்கள்தான் ஜன்னல்கள். தரைக்கு, வாசலைத் தாண்டி வெளியே வரைக்கும், கறுப்புப் பேட்டன்ட் லெதர், கண்ணாடி மாதிரி பளபளக்கும். பெரிய வாசல் கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டுமே? பொம்பளைகள் போடும் உயர பூட்ஸின் ஜிப்பை வைத்துத் தைத்துவிட்டார். ஜர்ர் என்று இழுத்தால் விமானக் கொட்டகை திறக்கும். அப்படி ஒரு கதவு எந்த தேசத்து ஏர்போர்ட்டிலும் இருக்காது.

கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வேலை முடிந்தது. எல்லாரும் வீட்டு முன்னால் குடில் போட்டார்கள். சாம்பிளார் வாசல் ஜன்னலோரம் உள்பக்கமாகப் பெஞ்சு போட்டு ஷெட்டை வைத்தார். சாயங்காலம், பொழுது சாயும் நேரம். முதலில் சொன்னேனே, அத்தனை பேரும் கூடினோம்.

பாய்க்கு ஒரே கவலை. "கரண்டு பில்லு யாரு கட்றது?"

"பேட்டரி பாய். பழைய கார் பேட்டரி. உன் கரண்டு எனக்கு வேணாம்."

"வெடிக்காதே?"

"நீ கத்தாம இருந்தா வெடிக்காது."

சுவிட்சைத் தட்டினார். கூரைக்குள் சின்னச் சின்ன பல்புகள் மஞ்சளாக எரிந்தன. வாசலுக்கு வெளியே சிவப்பும் பச்சையுமாக இரண்டு வரிசை. சரியாக அந்த நேரம் தெருவில் கரண்டு போனது. தெருவே கறுப்பாகிவிட்டது. அந்த ஷெட்டு மட்டும் இருட்டில் மிதந்தது. பளபளத்த தரையில் விளக்குகள் தலைகீழாக இன்னொரு கூரையைக் காட்டின. குனிந்து பார்த்தால் எங்கேயோ வெகு தூரத்தில் ஒரு நிஜக் கட்டடம், அதற்குக் கீழே அதைவிடத் தூரத்தில் இன்னொன்று. எங்கிருந்தோ ம்ம்ம் என்று மெலிசாக ஒரு சத்தம் கேட்டது.

"மோட்டார் வெச்சிக்கிறீங்களா?" என்று டிரில் மாஸ்டர் கேட்டார்.

"இல்ல சார். நானும் அதைத்தான் கேக்கறேன்" என்றார் சாம்பிளார்.

நான் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா சிரித்தாள். "உள்ள பிளேன் எங்கண்ணா?"

"அது அவங்களோடதும்மா. ஷூ சாம்பிள் அனுப்பும்போது உள்ள காலையும் வெச்சா அனுப்புவாங்க?"

ஷெட்டைத் தூக்கிக்கொண்டு வேலூரில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு நாங்கள் போன கதையும் உண்டு. வெள்ளைத் துணி போட்டு மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் துணியைப் பார்த்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உள்ள இன்னா?" "பிளேன் ஷெட்டு." எங்களைச் சுற்றி இரண்டு வரிசை சீட் தானாகக் காலியானது. அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "குடில் ரொம்ப நல்லாக்கீது. எந்த சர்ச்சு?" என்று கேட்டார். சாம்பிளார் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம், சொல்லி அனுப்பறோம்" என்றார். வெளிநாட்டுக்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்பதால் சாம்பிளாருக்குப் பரம திருப்தி. "பாதி ஓ.கே. ஆயிடுச்சி" என்று திரும்பும்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதுவரை சிரிக்கலாம்.

ஆர்டருக்குக் காத்திருந்த காலத்தில் அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஷெட்டுன்னா ஆள் வேணுமே" என்று, திறப்பு விழா அன்று இருந்த எல்லாரையும் தோல் துண்டில் பொம்மையாகச் செய்தார். கட்டைவிரல் உயரம். முகம் கிடையாது. ஆனாலும் தூரத்திலிருந்தே யார் யாரென்று தெரியும். டிரில் மாஸ்டர் விறைப்பாக நின்றார். குளோரி அக்காவின் கையில் டிபன் பை. பாய் இடுப்பில் கை வைத்துக் கூரையில் எத்தனை பல்பு என்று அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சிரிக்கும்போது லேசாக முன்னால் மடங்குவாள், அப்படியே இருந்தாள். நானோ? உடம்பு முன்பக்கம், கழுத்து மட்டும் பின்பக்கம். பூட்டினோமா என்று பார்க்கிறேனாம். காம்பவுண்டே சிரித்தது. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு குட்டி ஆணி. அதைத் தரையில் குத்தி நிறுத்தியிருந்தார்.

"உங்க பொம்மை எங்கண்ணா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"நான் இல்லாமலா?" என்று மட்டும் சொன்னார். தேடிப் பார்த்தோம். இல்லை.

தினமும் வேலை விட்டு வந்ததும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பார்த்தால் டிரில் மாஸ்டர் இடம் மாறி இருக்கிறார். மறுநாள் பாய் சுவரோரமாகப் போயிருக்கிறார். இன்னொரு நாள் நானும் ஸ்டெல்லாவும் வாசலுக்குக் கிட்டே.

"எதுக்குண்ணா மாத்தி மாத்தி வெக்கறீங்க?"

"நான் தொடலப்பா."

"அப்போ யாரு?"

"ஷிஃப்ட் மாறும்ல?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்துவிட்டார்.

டிரில் மாஸ்டர் அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். வயசு. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குளோரி அக்காதான் புரட்டிப் படுக்க வைப்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் அவர் பொம்மை இல்லை. ஆணி குத்திய ஓட்டை மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளோரி அக்கா காபி கொண்டுபோனபோது அவர் உடம்பில் உயிர் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் சாம்பிளாரை ஓரமாக இழுத்தேன். "அண்ணா, நேத்து அவரு பொம்மைய ஏன் எடுத்தீங்க?"

"நான் எடுக்கல. அவரே வந்து எடுத்துனு போனாரு."

"எழுந்து உக்கார முடியாத மனுசன்!"

"அதான் நானும் பாத்தேன். நல்லா நடந்து வந்தாரு. 'இது என்னுதுதானய்யா'ன்னாரு. உன்னுதுதான் சார், எடுத்துக்கோன்னேன்."

மாஸ்டர் சட்டைப் பையில் தேடினோம், தலையணைக்கு அடியில் தேடினோம். பொம்மை எங்கேயும் இல்லை. அன்றிரவு நான் தூங்கியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் என்னைத் தெரியாதவர்கள்.

அடுத்தது குளோரி அக்கா. பொம்மை காணாமல் போனதைப் பார்த்து நான் அவர் வாசலில் போய்த் திக்கித் திணறி நின்றேன்.

"அக்கா, ஒடம்பு நல்லாக்கீதா?"

"ஏன்டா தேவா?"

"நெஞ்சு வலி கிலி?"

"உன் மூஞ்சப் பாத்தா வருது. இன்னாடா?"

விஷயத்தைச் சொன்னேன். அந்த வாரமே அவருக்கு சவுதியில் வேலைக்கு ஆர்டர் வந்தது. பெட்டி கட்டும்போது கெக்கெக்கே என்று சிரித்தார். "பொம்ம போனா இன்னா, நானும் போறேன். நல்ல சாம்பிள்டா அந்தாளு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவும் சவுதியும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொம்மை போனால் ஆள் இந்தக் காம்பவுண்டில் இருக்கப்போவதில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

விஷயம் பாய் காதுக்கும் போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சாம்பிளார் வீட்டுக்குள் வந்துவிட்டார். "இன்னாய்யா பேஜாரு இது! என் வூட்டுல சூனியமா? முதல்ல என் பொம்மைய எடு!"

"சரி பாய்" என்று சாம்பிளார் கையை நீட்டினார்.

பாய் அலறினார். "யா அல்லா! எடுக்காதய்யா! இன்னொரு ஆணி அடி! ரெண்டு அடி!"

பாய் கண் முன்னாலேயே சாம்பிளார் அவரைத் தரையோடு நாலு ஆணியில் இறுக்கினார். பாய் ஷெட்டுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகிப் போனார். அந்த மாசம் வாடகை கேட்கவே மறந்துவிட்டார்.

மறுநாள் நான் கம்பெனியிலிருந்து ஒரு டப்பா சொல்யூஷன் பசையோடு போனேன். "அண்ணா, ஸ்டெல்லா பொம்மைக்குக் கொஞ்சம் இத அடிச்சி ஒட்டிடுங்க. ஆணிய நம்ப முடியாது."

"ஒட்டினா ரிவர்க் பண்ண முடியாதுப்பா."

"ரிவர்க்கே வேணாம்ண்ணா. இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"நீயா சொல்றது? வாரத்துல மூணு வாட்டி பூட்ட ரிவர்க் பண்றவன் நீ" என்று டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கிச் சிரித்தாள். "பொம்ம விழுந்தா நானா விழுவேன்? உங்க கவலைக்கு ஒரு ஷெட்டு பத்தாது." அப்படி மடங்கியபோது அச்சு அசலாகப் பொம்மை மாதிரியே இருந்தாள்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகே நின்ற ஆயம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க நின்னு உள்ளங்கையத் தொடச்சினு இருக்காத. வூட்டுக்குப் போய் பிளாஸ்க்கும் பழைய பருத்திப் பொடவையும் எடுத்துனு வா."

வந்தேன். விளக்கு வைக்கும் நேரம். நான் காம்பவுண்டு கேட்டைத் திறக்கவும் தெருவில் கரண்டு போகவும் சரியாக இருந்தது. இருட்டில் ஷெட்டு மட்டும் எரிந்தது. எப்போதும் திறந்தே இருக்கும் வாசல் ஜிப் அன்று மூடியிருந்தது. பித்தளை ஜன்னல்கள் வழியே ஊசி ஊசியாக வெளிச்சம். ம்ம்ம் என்று அந்தச் சத்தம் இப்போது நன்றாகவே கேட்டது.

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டேன். ஜிப்பை இழுத்தேன். ஜர்ர். பாய் நாலு ஆணியில் நின்றிருந்தார். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தேன். என் பக்கத்தில் ஒரு ஆணி ஓட்டை.

ஸ்டெல்லா இல்லை.

பிளாஸ்க்கும் புடவையும் மறந்தே போயின. சாம்பிளார் கதவு பூட்டியிருந்தது. ஓவர்டைம் என்றால் கம்பெனியில் இருப்பார். ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, நிற்கவில்லை. வாட்ச்மேன் "இன்னா தேவா, யாருக்கு இன்னா?" என்று பின்னால் கத்தினார். சாம்பிள் ரூம் கதவைத் தள்ளினேன். கம்பெனி ஜெனரேட்டர் வெளிச்சத்தில், குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஸ்டெல்லா. வலது கையில் ஊசி.

"ஏண்ணா எடுத்தீங்க! ஏன் எடுத்தீங்க!" என்று கத்தினேன்.

"மெதுவாப்பா. தையல் கோணலாயிடும்."

"கொண்டுபோய் வைங்க! இப்பவே வைங்க!"

"பாதியில எப்படி வெக்கறது? நீயே பாரு."

விளக்கடியில் நீட்டினார். பொம்மையின் இரண்டு கையும் முன்னால் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அந்தக் கைகளுக்குள் அரிசியளவு ஒரு வெள்ளைத் தோல் சுருள்.

"ஆளு ஒண்ணு ஜாஸ்தி ஆவுதுல்ல? ரிவர்க் பண்ண வேணாமா?"

"இத ஒரு மாசம் முன்னாடியே பண்ணக்கூடாதா? இன்னிக்கேவா?"

அவர் என்னைப் படிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பொறக்காத கொழந்தைக்கு யாராவது முன்னாடியே சட்டை தைப்பாங்களா? தொட்டில் வாங்குவாங்களா? நீ வாங்கினியா?"

வாங்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் வாங்க மாட்டோம். இரண்டு முறை தவறிய வீட்டில் நிச்சயமாக வாங்க மாட்டோம். பேறுகாலம் ஆரம்பித்த பிறகுதான் இந்த மனிதர் ஊசியையே எடுத்திருக்கிறார்.

"இன்னும் ஒரே தையல். நீ கத்தினா என் கை ஆடும். அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

சுவரைப் பார்த்து நின்றேன். நூல் இழுபடும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையிலேயே நீளமான தையல் அது. பல்லால் நூலைக் கடித்தார். "போலாம்."

அவருடைய மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, பொம்மையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரண்டில்லாத தெருவில் ஓட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டியதில்லை. "சீக்கிரம்ண்ணா" என்றால், "கைக்கொழந்தக்காரி உள்ள இருக்கா" என்று பையைக் காட்டினார். ஜன்னல் வழியே அவளை அதே ஓட்டையில் குத்தி நிறுத்தினார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. ம்ம்ம் சத்தம் நின்றது. அப்போதுதான், அத்தனை நேரம் அது கேட்டுக்கொண்டே இருந்தது என்று உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆயம்மா கதவருகே நின்றிருந்தார். கையில் துணிச் சுருள். "பிளாஸ்க்கு எங்க? பொடவ எங்க? செருப்பு எங்க? பொண்ணு பொறந்துக்கீது, போ."

ஸ்டெல்லா களைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து மடங்கிச் சிரிக்கப் பார்த்தாள். தையல் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எனக்கு அந்தப் பாதிச் சிரிப்பே போதும் என்றிருந்தது.

மறுநாள் வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் நான். பின்பக்கம் திரும்பியிருந்த என் கழுத்து நேராகி, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதையும் ரிவர்க் பண்ணீங்களாண்ணா?"

சாம்பிளார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான் தொடலப்பா" என்றார்.

மகளுக்கு ஜாய்ஸ் என்று பெயர் வைத்தோம். அவள் தவழ்ந்ததும் நடந்ததும் அந்த ஜன்னலுக்குத்தான். ஜிப்பை இழுத்து ஜர்ர் என்றால் சிரிப்பாள். சாம்பிளார் அவளை மடியில் வைத்துக்கொண்டு வானத்தில் வெகு உயரத்தில் போகும் விமானத்தைக் காட்டுவார். "அது பெங்களூரு ஆர்டரு. நம்ம ஆர்டரு இன்னும் வரல."

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். "வேலூர் வரைக்கும் போய்ட்டு வர்றேம்மா. தகவல் வந்துக்கீது" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். யார் சொன்னார்கள், என்ன தகவல் என்று கேட்பதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டார்.

அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானும் பாயும் அப்துல்லாபுரத்துக்கே போனோம். அதே வெயில், அதே ஆடுகள். மேய்க்கிறவர் சொன்னார்: "வெள்ளச் சட்டதான? நடுவுல நின்னுனு இருந்தாரு. ஆடு ஒண்ணு அந்தப் பக்கம் போச்சின்னு ஓட்டிட்டுத் திரும்பிப் பாத்தேன். ஆளில்ல." ஆஸ்பத்திரிகளில் பார்த்தோம். போலீசில் சொன்னோம். திருப்பத்தூரில் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார், அங்கேயும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாலு ஆணி அடிச்சி என்னைப் புடிச்சி வெச்சான்யா. அவனுக்கு ஒரு ஆணி அடிக்க ஆளில்லாம போச்சே."

வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனேன். எண்ணினேன். பாய் இருந்தார். நான் இருந்தேன். ஸ்டெல்லா குழந்தையோடு இருந்தாள். யாரும் குறையவில்லை. அப்பாடா என்று ஜிப்பை மூடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். வாசலுக்கு வெளியே, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் முடிகிற இடத்தில், பளபளத்த கறுப்புத் தரையில் ஒரு ஆணி ஓட்டை. புதிதாகப் பிடுங்கியது. பக்கத்தில் மெலிசாக ஒரு நூல். தரைக்குப் போட்ட அதே கறுப்புப் பேட்டன்ட் லெதரின் பிசிறு.

கறுப்புத் தரை மேல் கறுப்புப் பொம்மை. எல்லாரும் வெளிச்சத்தில் நின்றோம். அவர் வெளியே இருட்டில், எங்கள் பக்கம் பார்த்து நின்றிருக்கிறார். அத்தனை வருஷமும் அங்கேதான் நின்றிருக்கிறார். தினமும் எண்ணிப் பார்த்த நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அந்த ஷெட்டு இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பேட்டரி மூன்று மாறிவிட்டது. ஜாய்ஸ் காலேஜ் விட்டு வந்ததும் சுவிட்சைத் தட்டுவாள். அவள் மறந்தால் நான் தட்டுவேன். தட்டினோமா என்று ஒரு தடவை திரும்பி வந்தும் பார்ப்பேன். பல்பு போனால் மாற்றுகிறேன், கூரை இளகினால் ஒட்டுகிறேன், தரையைத் துணியால் துடைக்கிறேன். வாசலுக்கு வெளியே இருக்கும் அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. நிற்க இடம் இல்லாவிட்டால் அவர் எப்படி வருவார்?